நீலப் பளிங்கு வந்துவிட்டது, பிறகு?

வன்னியில் மல்லாவிப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிரிடீன், இமிடசோல், பைபிரிடீன் என்று நைதரசன் இருக்கிற வளையங்களோடு செம்பு, நாகம், கோபாற்று உப்புகளைக் கலந்து ‘தொகுப்பும் பளிங்குக் கட்டமைப்பும்’ என்ற தலைப்பில் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கலக்கிறார்கள், பளிங்கு வருகிறது, இயந்திரத்தில் வைக்கிறார்கள், படம் வருகிறது. இதில் ஆராய்ச்சி எது? இயந்திரம் இல்லாத நாங்கள் செய்ய இதில் ஏதும் உண்டா?”

கேள்வி இரண்டு போல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். இந்த வேலையின் கஷ்டமான பகுதி எக்ஸ் கதிரால் அணுக்களின் அடுக்கைக் காட்டும் இயந்திரத்தில் இருக்கிறதா, பளிங்கு வளர்க்கும் போத்தலில் இருக்கிறதா? போத்தலில் என்பது என் பதில். நான் பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தச் சேர்வைகளோடு புழங்கியவன். இயந்திரத்தை நானே இயக்கியது கொஞ்சக் காலம்தான், பளிங்கு வளர்த்ததுதான் அதிகம். ஆகவே கணினிக் கணக்கின் நுணுக்கங்களில் என் பேச்சைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலுக்குள் நடப்பதைப் பற்றித் தைரியமாகவே சொல்வேன்.

முதலில், ஏன் எல்லோரும் நைதரசன் வளையங்களையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பிரிடீனின் நைதரசனில் ஒரு இலத்திரன் தனிச்சோடி இருக்கிறது. அது வளையத்தின் தளத்திலேயே வெளியே பார்த்து நிற்கிறது, வளையத்தின் ஆறு பை இலத்திரன்களில் சேர்த்தியில்லை. ஆகவே உலோகத்துக்குக் கொடுக்க அது சும்மா இருக்கிறது. பிரோல் என்ற ஐந்து அணு வளையத்தில் அப்படியில்லை. அங்கே தனிச்சோடி வளையத்தின் ஆறுக்குள்ளேயே போய்விட்டது. இமிடசோலில் இரண்டு வகை நைதரசனும் ஒரே வளையத்தில் இருக்கின்றன, ஒன்று பிரோல் மாதிரி, மற்றது பிரிடீன் மாதிரி. உலோகம் பிடிப்பது இரண்டாவதை. எங்கள் இரத்தத்தில் ஈமோகுளோபினின் இரும்பைப் புரதத்தோடு கட்டிவைத்திருப்பதும் கிஸ்ரிடீனின் இமிடசோல் வளையம்தான். இங்கே மாணவர்களுக்கு ஒரு முரணைக் காட்டலாம். அமோனியாவோடு ஒப்பிட்டால் பிரிடீன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு நலிந்த மூலம். இருந்தும் அது நல்ல இணையி (உலோகத்துக்கு இலத்திரன் கொடுத்துப் பிணையும் மூலக்கூறு அல்லது அயன்), ஏனென்றால் உலோகத்திடமிருந்து கொஞ்ச இலத்திரன் அடர்த்தியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் அந்த வளையத்தில் இடம் இருக்கிறது.

இரண்டு பிரிடீனை ஒட்டினால் கதை இன்னும் நல்லாகும். 2,2'-பைபிரிடீனில் இரண்டு நைதரசனும் உலோகத்தை நண்டுக்கால் போலக் கவ்வும். தனியாகத் திண்மமாக இருக்கும்போது அந்த இரண்டு நைதரசனும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துத்தான் கிடக்கின்றன. உலோகம் வந்ததும் ஒரு வளையம் திரும்பி, இரண்டும் ஒரே பக்கம் வருகின்றன. இதே மாதிரியான இன்னொரு இணையியான பினாந்திரோலீனில் திரும்பவே தேவையில்லை, அது பிறவியிலேயே கவ்விய நிலையில் இருக்கிறது. 1888இல் பிளாவ் என்பவர் பைபிரிடீனை முதன்முதலில் பெற்றதே ஒரு செம்பு உப்பைச் சூடாக்கி வடித்துத்தான். 4,4'-பைபிரிடீனை எடுத்தால் அது கவ்வாது. அதன் நைதரசன்கள் இரண்டு அந்தத்தில் நிற்கின்றன, வீட்டு வளை மாதிரி. ஒரு முனையில் ஒரு உலோகம், மறுமுனையில் இன்னொன்று, இடையில் சுமார் 11 அங்ஸ்ரொம் (ஒரு அங்ஸ்ரொம் என்பது மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு). அப்படிக் கட்டிக்கொண்டே போனால் சங்கிலி, வலை, அறைகள் உள்ள சட்டகம் எல்லாம் வரும். யப்பானிய இரசாயனவியலாளர் கிடகாவா 1997இல் கோபாற்று, நிக்கல், நாகம் ஆகியவற்றோடு இதே 4,4'-பைபிரிடீனைச் சேர்த்துக் கட்டிய சட்டகங்கள் வாயுவை உள்ளே எடுத்து வெளியே விட்டன. அவருக்கும் ரொப்சனுக்கும் யாகிக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் சொல்லும் ‘கலக்கிப் பளிங்கு எடுக்கிற’ வேலையின் நேர் வாரிசு அந்தப் பரிசு.

சரி, “ஆராய்ச்சி எது” என்பதற்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பதில் ஒரு பழைய சேர்வையில் இருக்கிறது. கோபாற்றுக் குளோரைட்டு ஒன்றுக்குப் பிரிடீன் இரண்டு சேர்ந்த சேர்வை ஊதா நிறம். அதை மெல்லச் சூடாக்கினால் நீலமாகிறது. காபன், ஐதரசன், நைதரசன் நூற்றுவீதம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், சூத்திரத்தில் ஒரு அணுகூட மாறவில்லை. ஆனால் ஊதாவில் ஒவ்வொரு கோபாற்றையும் சுற்றி ஆறு அணுக்கள். குளோரைட்டுகள் இரண்டு உலோகங்களுக்கு நடுவில் பாலமாக நின்று நீளச் சங்கிலி கட்டியிருக்கின்றன. நீலத்தில் சங்கிலி அறுந்து, தனித்தனி நான்முகிகளாக நிற்கிறது. சூத்திரம் மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்த வித்தியாசத்துக்கு எழுத இடமே இல்லை. கட்டமைப்பு தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு நியாயம் தேவையில்லை.

ஆனால் உங்கள் சந்தேகத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. கேள்வியே இல்லாமல் வரும் கட்டுரைகள் உண்டு. இணையியில் ஒரு மெதைல் கூட்டினோம், பளிங்கு வந்தது, இதோ பிணைப்பு நீளங்களின் அட்டவணை, கடைசியில் இரண்டு பற்றீரியாவைக் கொன்றது. அந்தக் கடைசிப் பகுதியை நான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவேன். பளிங்கில் இருக்கும் மூலக்கூறு கரைசலில் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கரைப்பானே இணையியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம், பற்றீரியாவைக் கொன்றது வெறும் செம்பு அயனாகக்கூட இருக்கலாம். அட்டவணையை மட்டும் குறைத்துப் பேச மாட்டேன். கேம்பிரிட்ஜில் 1965இலிருந்து சேர்த்துவரும் கட்டமைப்புத் தரவுத்தளம் 2019இல் பத்து இலட்சத்தைத் தாண்டியது. செம்புக்கும் பிரிடீன் நைதரசனுக்கும் இடையில் சாதாரணமாக 2.0 அங்ஸ்ரொம் என்று நாங்கள் வாய் கூசாமல் சொல்வது, யாரோ பெயர் தெரியாத ஆட்கள் ஒவ்வொன்றாக அளந்து போட்டதால்தான்.

தொகுப்பு சுலபம் என்று நினைப்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். உலோக உப்பு, இணையி, கரைப்பான், மூன்றுதான் பொருள். ஆனால் பாத்திரத்துக்குள் போட்டிக்கு நிற்பவர்கள் அதிகம். தண்ணீரும் ஒரு இணையி. உப்போடு வந்த குளோரைட்டு, நைத்திரேற்று, சல்பேற்று ஒவ்வொன்றும் உலோகத்தில் இடம் கேட்கும், ஆகவே உப்பை மாற்றினால் அதே இணையியோடு வேறு கட்டமைப்பு வரும். எல்லாவற்றையும்விட மோசமான போட்டியாளர் புரோத்தன். கரைசல் கொஞ்சம் அமிலமானால் நைதரசனின் தனிச்சோடியைப் புரோத்தன் எடுத்துவிடும், உலோகம் வெறுங்கையோடு நிற்கும்.

இது எனக்கு நடந்தது. பட்டப்பின் படிப்புக் காலத்தில், இமிடசோலோடு பென்சீன் வளையம் ஒட்டிய பென்சிமிடசோலோடு செப்புச் சல்பேற்றைச் சேர்க்கப் பார்த்தேன். பென்சிமிடசோல் தண்ணீரில் லேசில் கரையாது. கரையட்டும் என்று சில துளி அமிலம் விட்டேன், உடனே கரைந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டு கிழமையில் அழகான நீலப் பளிங்குகள், விரல் நகத்தின் அளவுக்கு. வெளிநாட்டில் இருந்த ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். மூன்று மாதம் காத்திருந்தேன். பதில் ஒரு வரிதான் வந்தது: அலகுக்கூட்டின் (பளிங்கில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் மிகச் சிறிய பெட்டியின்) பக்கங்கள் 6.1, 10.7, 6.0 அங்ஸ்ரொம், மூன்று கோணமும் சாய்வு, “இது துருசு”. அதாவது கடையில் விற்கிற மயில்துத்தம், ஐந்து தண்ணீரோடு, நான் போட்டது போட்டபடியே திரும்பி வந்திருக்கிறது. அதன் கட்டமைப்பை பீவர்ஸும் லிப்சனும் 1934இலேயே தீர்த்துவிட்டார்கள்.

வெட்கத்தைவிட எரிச்சல்தான் கூட இருந்தது, ஏனென்றால் அதைக் கண்டுபிடிக்க இயந்திரமே தேவைப்பட்டிருக்கவில்லை. துருசில் செம்பு 25.5 வீதம். நான் எதிர்பார்த்த, பென்சிமிடசோல் இரண்டு சேர்ந்த சல்பேற்றில் செம்பு 16 வீதம். உயர்தர மாணவர்கள் செய்கிற அதே அயடீன் – தயோசல்பேற்று நியமிப்பை ஒரு தடவை செய்திருந்தால் அரை நாளில் விடை தெரிந்திருக்கும். நிறத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவும் வேண்டும். செம்பைச் சுற்றி நாலு ஒட்சிசன் இருந்தால் வெளிர் நீலம், நாலு நைதரசன் இருந்தால் ஆழ்ந்த ஊதா கலந்த நீலம். அமோனியா விட்டவுடன் நிறம் கறுக்கிறதே, அதே சங்கதி. துருசைப் பற்றி வகுப்பில் சொல்ல இன்னொன்றும் உண்டு. சூத்திரத்தில் தண்ணீர் ஐந்து என்று எழுதுகிறோம், ஆனால் செம்பில் ஒட்டியிருப்பது நாலுதான். செம்பின் மற்ற இரண்டு இடங்களில் சல்பேற்றின் ஒட்சிசன்கள் தள்ளி நிற்கின்றன, ஐந்தாவது தண்ணீர் ஐதரசன் பிணைப்பில் ஓரமாகத் தொங்குகிறது.

பளிங்கு வளர்ப்பதற்கு வருகிறேன். வன்னியில் இருப்பவருக்கு இதைப் புத்தகத்தில் படித்துக் காட்டத் தேவையில்லை. ஆனையிறவில் உப்புப் பாத்தி வேகமாக வற்றினால் பொடி மணி, மெதுவாக வற்றினால் பெரிய பரல். பனங்கற்கண்டு செய்பவர்கள் கருப்பநீரைக் காய்ச்சி, பாணியை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பார்கள். அதே விதிதான் எங்களுக்கும். கரைசல் மெல்ல மெல்லத் தெவிட்ட வேண்டும், பளிங்கு வளரத் தொடங்கும் கரு குறைவாக விழ வேண்டும், யாரும் கை வைக்கக் கூடாது. அளவு பெரிதாக வேண்டியதில்லை. எக்ஸ் கதிருக்குச் சீனிப் பரலிலும் சிறியது, 0.2 மில்லிமீற்றர் போதும். வெடிப்பில்லாத ஒற்றைப் பளிங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிர் நாட்டில் எழுதிய செய்முறைகள் இங்கே அப்படியே ஓடாது. ஈதர் ஆவியை மதுசாரக் கரைசலுக்குள் மெல்லப் பரவ விடு என்று எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியில் மத்தியானம் அதைத் திறந்தால் பரவாது, பறந்துபோகும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. நான் பிறகு ஈதரை விட்டுவிட்டு அடுக்கு முறைக்கு மாறினேன். ஒடுங்கிய சோதனைக் குழாயில் கீழே உலோக உப்பின் தண்ணீர்க் கரைசல், நடுவில் தண்ணீரும் எதனோலும் பாதி பாதி, மேலே இணையியின் எதனோல் கரைசல். சுவரோடு ஒட்டி மிக மெதுவாக ஊற்ற வேண்டும். இரண்டும் நடுவில் சந்திக்க நாட்கள் எடுக்கும், பளிங்கு அங்கேதான் முளைக்கும். சூடான கரைசலை மெதுவாக ஆற வைக்க நெல் உமி நிரப்பிய பெட்டி போதும், மின்சாரம் போனாலும் அதற்குக் கவலையில்லை. மாரியில் ஆவியாதல் இழுபடும், அந்த மாதங்களில் உமிப் பெட்டியை நம்புங்கள். ஏ9 வீதியோரக் கட்டடமாக இருந்தால் பின் அறையில் வையுங்கள், பாரவாகனம் போகிற அதிர்வே கருவைக் கூட்டிவிடும்.

வந்தது ஒற்றைப் பளிங்கா, ஒன்றோடொன்று ஒட்டிய கூட்டமா என்று பார்க்க, பழுதான கல்குலேற்றரின் திரையில் ஒட்டியிருக்கும் முனைவாக்கும் தாள் இரண்டு போதும். பாடசாலை நுணுக்குக்காட்டியில் பளிங்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்றைக் குறுக்காக வைத்துப் பளிங்கைச் சுழற்றுங்கள். முழுப் பளிங்கும் ஒரே நேரத்தில் இருண்டு, ஒரே நேரத்தில் வெளித்தால் நல்லது. ஒரு பாதி முந்தி மறுபாதி பிந்தினால் அது இரட்டை. கனசதுர வகைப் பளிங்கு எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இயந்திரம் செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலும் மொலிப்டினத்தின் 0.71 அங்ஸ்ரொம் அலைநீளக் கதிர் பளிங்கில் பட்டு ஆயிரக்கணக்கான புள்ளிகளாகச் சிதறுகிறது. புள்ளிகளின் இடம் அலகுக்கூட்டைச் சொல்கிறது, பிரகாசம் உள்ளே இலத்திரன் எங்கே குவிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதிலிருந்து அணுக்களைப் பொருத்தி, கணக்கும் அளவும் ஒத்துப்போகும் வரை திருத்துவார்கள். இதில் நிச்சயமாக நம்பலாம் என்றால் கனமான அணுக்களின் இடமும் உலோகத்திலிருந்து நைதரசனுக்குள்ள தூரமும். செம்பில் நாலு பிணைப்பு 2.0 அளவிலும் மேலும் கீழும் உள்ள இரண்டு 2.3, 2.5 என்று நீண்டும் வந்தால் அது செம்பின் இலத்திரன் அமைப்பால் வரும் யான்–ரெல்லர் விளைவு, அளவுப் பிழையல்ல. இரும்புக்கும் பினாந்திரோலீன் நைதரசனுக்கும் இடையில் 1.97 வந்தால் இலத்திரன்கள் சோடி சேர்ந்து தாழ் சுழற்சியில் இருக்கின்றன, 2.2 வந்தால் உயர் சுழற்சி. ஒரு தூரத்தை அளந்து காந்தத் தன்மையைச் சொல்ல முடிகிறதே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சந்தேகப்பட வேண்டியவையும் உண்டு. எக்ஸ் கதிர் காண்பது இலத்திரனை. ஐதரசனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிணைப்புப் பக்கம் இழுபட்டுக் கிடக்கிறது. ஆகவே உலோகத்தில் இருப்பது தண்ணீரா, ஐதரொட்சைட்டா, எந்த நைதரசனில் ஐதரசன் இருக்கிறது என்பவற்றை மற்ற ஆதாரங்களோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும். காபனுக்கு ஆறு இலத்திரன், நைதரசனுக்கு ஏழு. இமிடசோல், திரயசோல் வளையம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதில் பிழை விடுவது சுலபம். செம்புக்கு 29, நாகத்துக்கு 30, படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாத அளவு நெருக்கம். நிறமற்ற பளிங்கைச் செம்பின் இரண்டேற்றச் சேர்வை என்று எழுதியிருந்தால் நான் முதலில் போத்தலின் லேபலைத்தான் கேட்பேன். கணக்கும் அளவும் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் ‘ஆர்’ பெறுமானம் 5 வீதத்துக்குக் கீழே என்பது நல்ல அறிகுறி, ஆனால் அணுவின் பெயரைப் பிழையாகப் போட்டுவிட்டும் அந்த எண்ணைக் குறைவாக வரவைக்கலாம். இன்னொரு பெரிய சங்கதி: இயந்திரம் பார்த்தது ஒரேயொரு பளிங்கை, அதுவும் நீங்கள் ஆகச் சிறந்தது என்று பொறுக்கியதை. போத்தலின் அடியில் கிடக்கும் மிச்சமும் அதுதான் என்பதற்கு மூலக அளவீடோ, செங்கீழ் நிறமாலையோ, தூள் சிதறலோ காட்ட வேண்டும். அவை இல்லாத கட்டுரையை நான் பாதிக் கட்டுரை என்றுதான் எடுப்பேன்.

ஆக, நீங்கள் செய்யக்கூடியது என்ன? வகுப்போடு தொடங்குவதென்றால் கிணற்றுத் தண்ணீர். சில குழாய்க் கிணறுகளில் எடுத்து வைத்த தண்ணீரில் செம்பழுப்புப் படியும், வெள்ளைச் சட்டை மங்கும். லீற்றருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினால் துணியில் கறை விழத் தொடங்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. தண்ணீரில் கொஞ்சம் அமிலம், இரும்பை இரண்டேற்ற நிலைக்குக் கொண்டுவர ஐதரொட்சிலமீன் உப்பு, பிறகு பீஎச் 4 அளவுக்கு அசற்றேற்றுத் தாங்கல், அதன்மேல் பினாந்திரோலீன். மூன்று பினாந்திரோலீன் ஒரு இரும்பைச் சூழ்ந்து செம்மஞ்சள் நிறம் தரும், 510 நனோமீற்றரில் உறிஞ்சும். நிறமானி இல்லாவிட்டாலும் தெரிந்த செறிவுகளில் ஒரு வரிசை தயாரித்து வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கண்ணால் ஒப்பிடலாம். பினாந்திரோலீன் விலைதான், ஆனால் ஒரு கிராம் வருடக்கணக்கில் வரும். கட்டமைப்புப் பக்கம் வேண்டுமென்றால், மேர்க்குரி என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் வெளியான கட்டமைப்புகளைத் திறந்து, மாணவர்களே பிணைப்பு நீளத்தை அளக்கலாம்.

ஆராய்ச்சியாகவே செய்ய விரும்பினால், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது, யாழ்ப்பாணமும் தூரமில்லை. இரசாயனத் துறை ஆள் ஒருவரைப் பிடித்து, பளிங்கு நான் வளர்க்கிறேன், அளப்பதற்கு வழி காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்ல பளிங்கோடு வருபவரை யாரும் லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அதற்குத்தான் எல்லா இடத்திலும் தட்டுப்பாடு.

சில விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேர்குளோரேற்று உப்புகளைத் தொடவே வேண்டாம். பளிங்கு அழகாக வரும் என்று கட்டுரைகள் ஆசை காட்டும், ஆனால் காய்ந்த சேர்வை கரண்டி பட்டாலே வெடிக்கலாம். பிரிடீன் நாற்றம் காற்றோட்டமில்லாத வகுப்பறைக்கு ஆகாது. பைபிரிடீன்களும் நஞ்சு. எங்கள் வயல்களில் முன்பு அடித்து, பிறகு இலங்கையில் தடைசெய்த பரகுவாட் 4,4'-பைபிரிடீனின் நைதரசன்களில் மெதைல் ஏற்றியதுதான் என்பதை நினைவில் வைத்துக் கையுறை போடுங்கள். செம்புக் கழிவை வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு கொள்கலனில் சேர்த்து வையுங்கள்.

தொடக்கத்துக்கு செப்புச் சல்பேற்றும் இமிடசோலும் எடுங்கள், ஒன்றுக்கு நாலு என்ற மூல் விகிதத்தில், அமிலம் ஒரு துளியும் விடாமல். நிறம் ஆழ்ந்த நீலத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். பளிங்கு வந்தால் கொஞ்சத்தை எடுத்து ஐதான அமிலத்தில் கரையுங்கள். இமிடசோல் புரோத்தனை வாங்கிக்கொண்டு செம்பை விட்டுவிடும், பிறகு வழமைபோல நியமித்துப் பாருங்கள். நாலு இமிடசோல் சேர்ந்த சல்பேற்றென்றால் செம்பு 14.7 வீதம் வர வேண்டும். 25க்குக் கிட்ட வந்தால் என்னை நினைத்துச் சிரித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பளிங்கை அது வளர்ந்த தாய்க்கரைசலிலேயே மூடி வையுங்கள், வடித்துக் காயவிட வேண்டாம். கரைப்பான் உள்ளே சிறைப்பட்ட பளிங்கானால் வெளியே எடுத்து மேசையில் வைத்த சில நிமிடத்தில் சுண்ணாம்பு போல வெளிறிப்போகும், பிறகு அதை எந்த இயந்திரத்துக்கும் அனுப்ப முடியாது.